பைப்பும் ஷவரும் வைத்து கம்ப்யூட்டருக்கு ஆவிக் குளிரூட்டி: செய்து பார்த்தவர்கள் வழிகாட்டுங்கள்

தணல்

எல்லோருக்கும் வணக்கம். என் கம்ப்யூட்டர் பகல் முழுக்க 3டி ரெண்டரிங் செய்கிறது. பிராசசர் மட்டும் 250 வாட் வரை இழுக்கிறது. இரண்டு ஃபேன் வைத்த ரேடியேட்டரும் வாட்டர் பிளாக்கும் (பிராசசர் மேல் உட்கார்ந்து, உள்ளே ஓடும் தண்ணீரால் சூட்டை எடுக்கிற செம்புக் கட்டி) போட்டிருக்கிறேன். காலையில் பிரச்சினை இல்லை. மதியம் அறை 35 டிகிரிக்கு வந்துவிட்டால் ரேடியேட்டரில் சுற்றும் தண்ணீரே 45 டிகிரி ஆகிவிடுகிறது. பிராசசர் 98-ஐத் தொட்டு, தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. நான்கு மணி நேர வேலை ஐந்தரை மணி நேரம் இழுக்கிறது.

போன வாரம் ஒரு சோதனை செய்தேன். கேபினெட்டின் முன்பக்கம் காற்று உள்ளே போகிற இடத்தில் ஏர் கூலர் பேட் ஒன்றை நனைத்து வைத்தேன். வெப்பம் நன்றாகவே இறங்கியது. மூன்றாம் நாள் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் முன் ஃபேனின் இறக்கைகளில் மாவு தூவியதுபோல வெள்ளையாக ஒரு படலம். விரலால் தேய்த்தால் நறநறவென்று இருக்கிறது. பயந்துபோய் பேட்டை எடுத்துவிட்டேன்.

இப்போது யோசிப்பது இது: பிவிசி பைப்பை நிமிர்த்தி வைத்து, மேலிருந்து ஷவரில் தண்ணீரைப் பொழியவிட்டு, கீழிருந்து காற்றை ஊதி, குளிர்ந்த தண்ணீரை மட்டும் பிளாக்குக்கு அனுப்பலாமா? யாராவது செய்திருக்கிறீர்களா?

பழைய ஆணி

செய்திருக்கிறேன் தம்பி, 2002-இல். அப்போது அத்லான் பிராசசர்கள் 70 வாட்டைத் தாண்டியதற்கே எல்லோரும் கவலைப்பட்டோம். பிராசசரை அதன் வரம்புக்கு மேல் வேகமாக ஓட்டுகிற வெளிநாட்டு ஓவர்கிளாக்கிங் ஆட்கள் இதற்கு 'பாங் கூலர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். புகைக்கிற பாங் குழாய் மாதிரி நிற்கும், அதனால் அந்தப் பெயர்.

அந்த வெள்ளைப் படலம் தண்ணீரில் இருந்த உப்பு. ஈரக்காற்றோடு நுண்ணிய திவலைகளும் உள்ளே போயிருக்கின்றன. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். பேட்டை எடுத்தது சரியான முடிவு. ஈரக்காற்றை நேராகக் கேபினெட்டுக்குள் விடுகிற எந்த ஏற்பாடும் வேண்டாம்.

பைப்பை வெட்டுவதற்கு முன் ஒரே ஒரு வேலை செய். சாதாரண தெர்மாமீட்டர் ஒன்றை எடு. அதன் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி நனைத்து, ஃபேன் காற்றில் ஐந்து நிமிடம் பிடி. வெப்பம் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடும். அதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. நீ எவ்வளவு உயரமான கோபுரம் கட்டினாலும், எவ்வளவு பெரிய ஃபேன் வைத்தாலும், தண்ணீர் அந்த எண்ணுக்குக் கீழே போகாது. வீட்டில் செய்கிற கோபுரம் அதற்கு மூன்று நான்கு டிகிரி மேலேதான் நிற்கும். ரேடியேட்டருக்கு அறையின் வெப்பநிலை எல்லை என்றால், கோபுரத்துக்கு எல்லை இது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் உனக்குக் கிடைக்கப்போகிற லாபம்.

35 டிகிரியில் ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 24 அல்லது 25 வரும். அதே 35 டிகிரியில் ஈரப்பதம் 70 என்றால் 30 வரும். முதலில் அளந்து வந்து சொல். மதியம் ஒரு முறை, இரவில் ஒரு முறை, நாலைந்து நாளாவது அளக்க வேண்டும்.

மின்மினி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அறை வெப்பத்தை விடக் குளிரான தண்ணீர் பிளாக்கில் ஓடினால், ஐஸ் தண்ணீர் டம்ளரில் வியர்ப்பதுபோல மதர்போர்டில் ஈரம் பூத்துவிடாதா? என் தோழி ஒருத்தி பெல்டியர் தகடு (மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்கிற தகடு) வைத்து இப்படித்தான் ஒரு போர்டை இழந்தாள். வாளியில் ஐஸ் போடுவதும் இதே ஆபத்துதானே?

ஓடைக்கல்

நல்ல கேள்வி. ஆவியாதல் முறையின் பெரிய பலமே இங்கேதான் இருக்கிறது.

ஒரு பரப்பில் ஈரம் பூக்க வேண்டுமானால் அந்தப் பரப்பு காற்றின் பனிநிலைக்கு, அதாவது காற்றில் உள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு, கீழே குளிர வேண்டும். ஈரக்குமிழ் வெப்பநிலையோ எப்போதும் அதே காற்றின் பனிநிலைக்கு மேலேதான் இருக்கும். காற்று முழுக்க ஈரத்தால் நிறைந்தால் மட்டும் இரண்டும் ஒன்றாகும். பழைய ஆணி ஐயா சொன்ன 35 டிகிரி, 40 சதவீதக் காற்றில் பனிநிலை 20-க்குச் சற்றுக் கீழே. கோபுரத் தண்ணீர் 24-க்குக் கீழே இறங்கவே முடியாது. அதனால் குழாயோ பிளாக்கோ வியர்க்காது. பெல்டியர் தகட்டுக்கும் ஐஸுக்கும் இப்படி ஓர் எல்லை கிடையாது, அவை பனிநிலைக்குக் கீழேயும் இறங்கிவிடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கோபுரம் வெளியே இருக்கிற உலர்ந்த காற்றை இழுக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிற அறையோ துணி காயப்போட்டு ஈரமாக இருக்கிறது என்றால், அப்போது கணக்கு மாறும். கோபுரம் குடிக்கிற காற்றும் கம்ப்யூட்டரைச் சுற்றியுள்ள காற்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

ஐஸ் பற்றி: ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் போதும். 250 வாட்டுக்கு அது 22 நிமிடம் தாங்கும். ஒரு கிலோ தண்ணீர் 30 டிகிரியில் ஆவியாக 2430 கிலோஜூல் வேண்டும். அதாவது ஏழு மடங்குக்கு மேல். பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோமே, அதன் முழு வலிமையையும் இங்கே கண்ணால் பார்க்கலாம்.

தணல்

ஐந்து நாள் அளந்துவிட்டேன் அண்ணா. மதியம் அறை 35, ஈரத்துணி 24.5. மறுநாள் 36-க்கு 25. இரவில் 30-க்கு 22. ஒரு நாள் மட்டும் மழை தூறியது, அன்று 29-க்கு 27. துணி காயக் காயத் தெர்மாமீட்டர் மெல்ல மேலே ஏறுவதைப் பார்த்தேன். நனைத்தவுடன் மறுபடி இறங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் விஷயம் எனக்கு உண்மையாகப் புரிந்தது.

மழை நாளை விட்டுவிட்டால் மதியம் பத்து டிகிரி இடைவெளி இருக்கிறது. கட்டலாம் என்று முடிவு செய்துவிட்டேன். அளவுகள் சொல்லுங்கள்.

பழைய ஆணி

பத்து டிகிரி என்றால் தாராளமாகக் கட்டலாம்.

110 மில்லிமீட்டர் பிவிசி பைப், ஒன்றேகால் மீட்டர் உயரம். அடியில் ஒரு டீ ஜாயின்ட். டீயின் பக்கவாட்டு வாயில் 120 மில்லிமீட்டர் ஃபேனை வைத்து உள்நோக்கி ஊதவிடு. மேலே வைத்து உறிஞ்சவிட்டால் ஈரக்காற்று முழுக்க ஃபேன் வழியாகத்தான் போகும், மோட்டார் சீக்கிரம் போய்விடும். நான் முதலில் அந்தத் தவறைத்தான் செய்தேன், இரண்டு ஃபேன் வீணானது. ஃபேன் வாயைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து வை, சிதறுகிற தண்ணீர் ஃபேனுக்குப் போகாமல் வழிந்து திரும்பிவிடும். காற்றழுத்தம் அதிகம் தருகிற வகை ஃபேன் வேண்டும். கேபினெட்டில் மாட்டுகிற சாதாரண ஃபேன் பைப்புக்குள் நிரப்பியதைத் தாண்டி ஊதாது.

பைப்பை வெறுமனே விடாதே. ஷவரிலிருந்து விழுகிற துளி ஒரு மீட்டரை அரை நொடிக்குள் கடந்துவிடும், ஆவியாக அவகாசமே இல்லை. உள்ளே கூலர் பேட்டை நீளவாக்கில் வெட்டிச் சொருகு. தண்ணீர் அதன் மடிப்புகளில் படலமாக வழிய வேண்டும், காற்று அந்தப் படலத்தை உரசிக்கொண்டு மேலே போக வேண்டும். மேல்வாயிலும் ஷவருக்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்குப் பேட் வை, திவலைகளை அது பிடித்துக்கொள்ளும்.

பம்ப் 12 வோல்ட் டிசி. கோபுரத்தின் உச்சிவரை ஏற்ற வேண்டும் என்பதால், இரண்டு மீட்டருக்கு மேல் தூக்கக்கூடியதாகப் பார்த்து வாங்கு. சுவர் பிளக்கில் நேராகச் செருகி ஓட்டுகிற பம்பைத் தண்ணீருக்குள் போடாதே. அடாப்டரைத் தரையில் வைக்காதே, வாளியை விட உயரத்தில் வை. ஒயர் ஒரு முறை கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். கசிந்த தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக் வரை போகாது.

தண்ணீர் சுற்று: வாளி, பம்ப், பிளாக், ஷவர், மறுபடி வாளி.

ஓடைக்கல்

ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் கடைசி வரியில் எனக்கு உடன்பாடு இல்லை. கோபுரத் தண்ணீரை பிளாக்குக்குள் விடவே கூடாது.

இந்தக் கோபுரம் ஒரு காற்றுக் கழுவி. அறையில் இருக்கிற தூசி, முடி, பூஞ்சை எல்லாவற்றையும் காற்றிலிருந்து பிடித்துத் தண்ணீரில் சேர்த்துக்கொண்டே இருக்கும். போதாததற்கு உப்பும் கூடும். பத்து லிட்டர் வாளியில் நாளுக்கு ஐந்து லிட்டர் ஆவியானால், பத்து நாளில் ஐம்பது லிட்டர் புதுத் தண்ணீர் ஊற்றியிருப்போம். ஐம்பது லிட்டரின் உப்பும் வாளிக்குள்ளேயே இருக்கும். ஆரம்பத்தில் இருந்ததைப்போல ஆறு மடங்கு.

இன்றைய பிளாக்குகளைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? செம்புத் தகட்டில் சீப்புப் பற்களைப்போல இழைத்திருப்பார்கள், இரண்டு பற்களுக்கு நடுவே அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நான் ஒரு முறை திறந்தபோது அந்தச் சந்துகளில் பழுப்பு நிறத்தில் ஒரு கூழ் அடைத்திருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷும் வினிகரும் வைத்து ஒரு மாலை முழுக்கத் தேய்த்தேன். அப்போதுதான் திறந்த தண்ணீரை பிளாக்கில் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

நடுவில் ஒரு பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வையுங்கள் தணல். இரண்டு தண்ணீரும் கலக்காமல், மெல்லிய தகடுகள் வழியாகச் சூட்டை மட்டும் கைமாற்றுகிற கருவி அது. ஒரு பக்கம் கோபுரத்தின் அழுக்குத் தண்ணீர், மறுபக்கம் பிளாக்குக்குப் போகிற சுத்தமான மூடிய சுற்று. இரண்டு தண்ணீரும் எதிரெதிராக ஓட வேண்டும். பெரிய கட்டடங்களின் குளிர்கோபுரங்களிலும் பல இடங்களில் இப்படித்தான் பிரித்து வைக்கிறார்கள்.

பழைய ஆணி

அதில் இரண்டு மூன்று டிகிரி போய்விடுமே. இன்னொரு பம்பும் வேண்டும். பத்து டிகிரி லாபத்தில் கோபுரம் நான்கு தின்னும், எக்ஸ்சேஞ்சர் மூன்று தின்னும், மிச்சம் என்ன இருக்கிறது?

ஓடைக்கல்

அறை வெப்பத்தோடு ஒப்பிட்டால் மூன்றுதான் மிச்சம். ஆனால் தணலின் ரேடியேட்டர் தண்ணீர் அறையை விடப் பத்து டிகிரி மேலே, 45-இல் அல்லவா நிற்கிறது? அதோடு ஒப்பிட்டால் 13 டிகிரி கிடைக்கும். பிளாக் அடைத்துக்கொண்டால் அந்தப் பதிமூன்றும் இரண்டே மாதத்தில் போய்விடும்.

பழைய ஆணி

சரி, அந்தக் கணக்கை நான் பார்க்கவில்லை. என் 2002 பிளாக் செம்புக் கட்டியில் துரப்பணம் போட்டது, சுண்டு விரல் நுழைகிற துளைகள். அதில் எதுவும் அடைக்காது. இன்றைய பிளாக்குக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. தம்பி, எக்ஸ்சேஞ்சர் வைத்துவிடு.

குளிர்ச்சாரல்

நான் இருப்பது கடலுக்குப் பக்கம். இங்கே ஈரப்பதம் பெரும்பாலும் 75, 80. ஈரத்துணியில் அளந்தேன், 32-க்கு 29. நான் கட்டலாமா?

ஓடைக்கல்

வேண்டாம். மூன்று டிகிரி இடைவெளியைக் கோபுரமே தின்றுவிடும். அந்த உழைப்பை ரேடியேட்டரில் போடுங்கள். இப்போது இரண்டு ஃபேன் ரேடியேட்டர் இருந்தால் மூன்று ஃபேன் வகைக்கு மாறுங்கள், அல்லது இன்னொன்றைச் சேருங்கள். பிராசசரின் மின்வரம்பைக் கொஞ்சம் குறைத்தும் பாருங்கள். கடைசி 50 வாட்டுக்குக் கிடைக்கிற வேகம் மிகச் சொற்பம்.

தணல்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கட்டி ஓடவிட்டுப் பத்து நாள் ஆகிறது.

முதல் நாள் பிளாக்கை இணைக்காமல் கோபுரத்தை மட்டும் ஓட்டினேன், நல்லவேளை. வாளியை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பியிருந்தேன். ஓடும்போது ஒரு பங்கு தண்ணீர் பேட்டிலும் குழாயிலும் நிற்கும் அல்லவா? பம்பை நிறுத்தியதும் அது எல்லாம் ஒரே நேரத்தில் கீழே வந்து வாளி வழிந்து தரையெல்லாம் தண்ணீர். கட்டுபவர்கள் இதைக் கவனியுங்கள்: பம்ப் நின்றிருக்கும்போது வாளி அரையளவுதான் இருக்க வேண்டும்.

இப்போது எண்கள். மதியம் அறை 35, ஈரத்துணி 24.5. வாளித் தண்ணீர் 28. எக்ஸ்சேஞ்சரைத் தாண்டி பிளாக்குக்குப் போகிற தண்ணீர் 30.5. பிராசசர் அதே 250 வாட்டில் 84. முன்பு 98-இல் திணறியது. வேகம் ஒரு முறைகூடக் குறையவில்லை. நான்கு மணி நேர வேலை நான்கு மணி நேரத்தில் முடிந்த அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

ஆனால் ஒரு கணக்கு இடிக்கிறது. 250 வாட்டை 2430-ஆல் வகுத்துப் பார்த்தால் மணிக்கு 370 மில்லி ஆவியாக வேண்டும், எட்டு மணி நேரத்துக்கு மூன்று லிட்டர். எனக்கோ நாலரை லிட்டர் போகிறது. எங்கும் கசிவு இல்லை, தரை காய்ந்தே இருக்கிறது. மிச்சம் எங்கே போகிறது?

பழைய ஆணி

அருமை தம்பி! மனசு நிறைந்துவிட்டது.

மிச்சம் காற்றுக்குப் போகிறது. உன் வாளித் தண்ணீர் 28, உள்ளே வருகிற காற்று 35. அந்தக் காற்றும் தன் சூட்டைத் தண்ணீரிடம் இறக்கி வைக்கிறது. பிராசசரின் சூட்டையும் காற்றின் சூட்டையும் சேர்த்தே தண்ணீர் ஆவியாகிச் சுமக்கிறது. கோபுரத்தின் மேல்வாயில் கை வைத்துப் பார், காற்று அறையை விடக் குளிராக இருக்கும். அறை வெப்பத்தை விடத் தண்ணீர் குளிர வேண்டுமென்றால் இந்தச் செலவு உண்டு.

ஓடைக்கல்

அந்த மேல்வாய்க் காற்று எங்கே போகிறது தணல்? அறைக்குள்ளேயா?

தணல்

ஆமாம், முதல் இரண்டு நாள் அறைக்குள்தான் விட்டேன். மாலைக்குள் ஜன்னல் கண்ணாடி மங்கிவிட்டது. வாளித் தண்ணீர் 28-லிருந்து மெல்ல 31-க்கு ஏறிவிட்டது. மேசையில் இருந்த காகிதங்கள் தொய்ந்துபோயின. பிறகு ஒரு வளைகுழாய் போட்டு ஜன்னல் வழியாக வெளியே விட்டேன், எதிர்ப்பக்கக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். மறுபடி 28-க்கு வந்துவிட்டது.

ஓடைக்கல்

அதுதான் வேண்டும். 10-க்கு 12 அடி அறையில் சுமார் 34 கன மீட்டர் காற்று இருக்கும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் ஈரத்தைத்தான் தாங்கும். பாதி ஏற்கெனவே நிறைந்திருந்தால் மிச்ச இடம் அரை கிலோ. உங்கள் கோபுரம் ஒரு மணி நேரத்தில் அதை நிரப்பிவிடும். மூடிய அறையில் இந்தக் கருவி தன் எல்லையைத் தானே உயர்த்திக்கொள்ளும்.

மின்மினி

வாழ்த்துகள் தணல்! ஒரு பயம் மட்டும் எனக்குப் போகவில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், எப்போதும் காற்றில் தெளித்துக்கொண்டே இருக்கிறது. நோய்க்கிருமி வளராதா? வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள் என்றால் என்ன செய்வது?

ஓடைக்கல்

நீங்கள் கேட்காவிட்டால் நானே எழுதியிருப்பேன். 1976-இல் பிலடெல்பியாவில் அமெரிக்க லெஜியன் என்ற முன்னாள் படைவீரர் சங்க மாநாட்டுக்கு வந்தவர்கள் பலர் நிமோனியா போன்ற காய்ச்சலில் விழுந்தார்கள், பலர் இறந்தார்கள். அடுத்த ஆண்டுதான் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். லெஜியோனெல்லா என்ற பெயர் அப்படி வந்தது. அது 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தண்ணீரில் வளரும், நுண்திவலையாக மூச்சில் போனால்தான் பெரும்பாலும் தொற்றும். நம் வாளி அந்த வெப்பநிலைக்குள்தான் இருக்கிறது, எனவே லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாரம் ஒரு முறை தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். வாளியையும் பைப்பையும் பிளீச்சிங் கரைசலால் தேய்த்துக் கழுவி, நன்றாக அலசிக் காயவிடுங்கள். மாதம் ஒரு முறை பேட்டை மாற்றுங்கள். கழுவும்போது முகக்கவசம் போடுங்கள். வாளி வெளிச்சம் புகாத நிறத்தில், மூடியோடு இருந்தால் பாசி பிடிக்காது. ஓட்டாத நாளில் தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள். வெளியே போகிற குழாயின் வாய் யாரும் உட்காருகிற இடத்தையோ பக்கத்து ஜன்னலையோ பார்க்கக் கூடாது. வீட்டில் வயதானவர்களோ நுரையீரல் தொந்தரவு உள்ளவர்களோ இருந்தால், கோபுரமே வேண்டாம், ரேடியேட்டர் போதும் என்பதுதான் என் கருத்து.

தணல்

குறித்துக்கொண்டேன். நான் தனியாகத்தான் இருக்கிறேன், இருந்தாலும் குழாய் வாயை இன்றே மேல்நோக்கித் திருப்பிவிடுகிறேன், அந்தப் பக்கம் வெறும் சுவர்தான்.

இன்னொரு மாற்றமும் செய்தேன். பழைய ரேடியேட்டரைக் கழற்றவில்லை. மூடிய சுற்றில் ஒரு மூவழி வால்வு போட்டு, தேவைப்பட்டால் தண்ணீர் எக்ஸ்சேஞ்சருக்குப் பதிலாக ரேடியேட்டருக்குப் போகும்படி வைத்திருக்கிறேன். ரேடியேட்டர் செம்பு என்பதை உறுதி செய்துகொண்டுதான் வைத்தேன். அலுமினியமும் செம்பும் ஒரே சுற்றில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துவிடும் என்று முன்பே படித்திருந்தேன்.

நேற்று மழை. ஈரத்துணி 27.5, அறை 29. வால்வைத் திருப்பி ரேடியேட்டருக்கு விட்டேன், பிராசசர் 91-இல் ஓடியது, வேகம் குறையவில்லை. கோபுரத் தண்ணீரை வடித்துவிட்டேன். பேட் மொட்டைமாடியில் காய்கிறது, வெயில் திரும்பினால் மறுபடி சொருக வேண்டும்.

குளிர்ச்சாரல்

அந்த மூவழி வால்வு எந்த அளவு? எனக்குக் கோபுரம் இல்லை என்றாலும் இரண்டாவது ரேடியேட்டருக்கு அதே யோசனை உதவும்.

தணல்

அரை அங்குல நூல், உள்ளே பித்தளைப் பந்து வகை. நூலில் டெஃப்லான் டேப்பை இறுக்குகிற திசையிலேயே ஐந்து சுற்றுச் சுற்றுங்கள். முதலில் கம்ப்யூட்டரை இணைக்காமல் ஓர் இரவு முழுக்கத் தண்ணீரை ஓடவிட்டு, அடியில் வெள்ளைக் காகிதம் விரித்து வையுங்கள். காலையில் காகிதம் காய்ந்திருந்தால் இணைக்கலாம்.